பழனியில் வரி கட்டாதவர் யார்?



வாட்ஸ்அப்பில் இரண்டு ஃபார்வர்டுகள் மாறி மாறிச் சுத்துது. நீங்களும் பார்த்திருப்பீங்க.

முதலாவது: "டென்மார்க்கில் சம்பளத்தில் பாதி வரிக்கே போகுது. ஜப்பானில் உச்ச வரி 45 சதவீதம். இந்தியாவில் 30 தான். குறை சொல்லாம இருங்க."

இரண்டாவது: "துபாயில் வருமான வரியே கிடையாது. இங்கே நூத்துல ரெண்டு பேர் வரி கட்டுறான். மத்தவன் எல்லாம் ஓசியில சாப்பிடுறான்."

ஒன்று வரி கம்மின்னு சொல்லுது, இன்னொன்று வரி அதிகம்னு சொல்லுது. ஆனா ரெண்டும் மறைக்கிற விஷயம் ஒண்ணுதான்: வரியை யார் கட்டுறாங்க, அது யாருக்குத் திரும்பி வருது?

நாட்டுக்கு நாடு வரி விகிதத்தை ஒப்பிடுறது நல்ல வேலைதான். ஆனா முழுசா ஒப்பிடணும். அதைத்தான் இந்தப் பதிவில் செய்யப்போறோம். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, குடும்பக் குரூப்பில் யாராவது "ஓசி"ன்னு எழுதினா இதை எடுத்துப் போடுங்க.

▪️ முதலில் நம்ம ஊர்க் கணக்கு

அடிவாரத்தில் பூ கட்டுற அக்கா வருமான வரி கட்டுறதில்லை. உண்மை. கட்டுற அளவுக்கு வருமானம் இல்லை. ஆனா அந்த அக்கா போனுக்கு ரீசார்ஜ் பண்ணும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுறாங்க. சமையல் எண்ணெய்க்கு 5. டீத்தூளுக்கு 5. கேஸ் சிலிண்டருக்கு 5. வீட்டுச் சுவரைப் பூச சிமென்ட் வாங்கினா 18. 2025 செப்டம்பர் வரை அதுவே 28.

ஆயக்குடி கொய்யாத் தோப்புக்காரர் விக்கிற பழத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. விவசாய வருமானத்துக்கு வருமான வரியும் இல்லை. ஆனா உரத்துக்கு 5 சதவீதம், பூச்சி மருந்துக்குப் பெரும்பாலும் 18 சதவீதம், டீசலுக்குத் தனி வரி. பழத்துக்கு வரி இல்லாததால, உரத்துக்குக் கட்டின வரியை அவர் எங்கேயும் கழிச்சுக்கவும் முடியாது. கம்பெனி கழிச்சுக்கும். விவசாயி சுமந்துக்கணும்.

பாதயாத்திரை வர்ற பக்தர் ஒரு சின்ன லாட்ஜில் ரூம் எடுக்கிறார். நாள் வாடகை 800 ரூபாய்னு வையுங்க. 2022 ஜூலை 17 வரைக்கும் அதுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 1,000 ரூபாய்க்குக் கீழே வாடகை இருந்தா விலக்கு இருந்துச்சு. மறுநாள் 12 சதவீதம் விழுந்துச்சு. 800 ரூபாய் ரூமுக்கு 96 ரூபாய் வரி! மூணு வருஷம் வசூலிச்சு, 2025 செப்டம்பர் 22-இல் தான் 5 சதவீதமாக் குறைச்சாங்க.

சரி, முருகன் பிரசாதம்? கோயில்கள் வழங்கும் பிரசாதத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. நல்லது. ஆனா பஞ்சாமிர்தத்தில் விழுற நெய்க்கு உண்டு. 2025 செப்டம்பர் வரை 12, இப்போ 5. ஏலக்காய்க்கு 5. பிரசாதத்துக்கு வரி விலக்கு என்பதால, நெய் வாங்கும்போது கட்டின வரியைத் திரும்பக் கேட்க முடியாது. அது அடக்க விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பில்லில் "வரி 0"ன்னு இருக்கும். டப்பாவுக்குள்ளே வரி இருக்கும்.

ஆக, பழனியில் வரி கட்டாதவர் யாருமே இல்லை. கிரிவீதியில் கற்பூரம் விக்கிற பாட்டி கட்டுறாங்க. குதிரை வண்டி ஓட்டுற அண்ணன் கட்டுறார். பள்ளிக்கூடப் பிள்ளை வாங்குற அஞ்சு ரூபாய் பிஸ்கட்டிலும் வரி இருக்கு. ரசீது கொடுக்கிறதில்லை, அவ்வளவுதான்.

▪️ அரிசி மூட்டையைத் தூக்கி வச்சு ஒப்பிடுவோம்

இப்போ வெளிநாட்டுக்குப் போவோம். நம்ம சனம் வாழுற நாடுகளாகவே எடுத்துக்குவோம். தைப்பூசத்துக்கு அங்கிருந்தும் வர்றாங்க, நேரிலேயே கேட்டுக்கலாம்.

இங்கிலாந்தில் நம்ம ஜிஎஸ்டி மாதிரியான வரிக்கு வாட் என்று பெயர். 20 சதவீதம். நம்மைவிட அதிகம்! ஆனா அரிசி, பருப்பு, பால், காய்கறி, ரொட்டி என்று பெரும்பாலான உணவுப் பொருட்களுக்கு 0. குழந்தைகள் துணிக்கு 0. அங்கே இந்தப் பூஜ்யம் நிஜப் பூஜ்யம்: கடைக்காரர் வழியில் கட்டின வரியை அரசாங்கம் அவருக்குத் திருப்பிக் கொடுத்துடும். நம்ம பஞ்சாமிர்த டப்பா மாதிரி உள்ளே ஒளிஞ்சிருக்காது.

கனடாவில் கூட்டாட்சி ஜிஎஸ்டி 5. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் மாகாண வரியும் சேர்த்து 13. ஆனா அடிப்படை மளிகைக்கு 0. ஆஸ்திரேலியாவில் 10, அங்கேயும் அடிப்படை உணவுக்கு இல்லை.

இந்தியாவில்? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரைக்கும் பையில் அடைச்சு லேபிள் ஒட்டின அரிசி, பருப்பு, கோதுமை மாவு எல்லாத்துக்கும் 5 சதவீதம். பாக்கெட் தயிர், மோருக்கும் 5. அதுக்கு முன்னாடி பதிவு செய்த பிராண்டு அரிசிக்கு மட்டும்தான் வரி இருந்துச்சு. அந்த வருஷம் நம்ம கடைகளில் திடீர்னு 26 கிலோ மூட்டை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு கிலோ கூட்டினா வரி இல்லை. மொத்தமா 26 கிலோ வாங்குறவருக்கு 0. கையில் காசு இருக்கும்போது அஞ்சு கிலோ பாக்கெட் வாங்குறவருக்கு 5. சட்டம் யாரைப் பிடிக்குது பாருங்க.

2025 செப்டம்பரில் பல பொருட்களுக்கு வரி குறைச்சாங்க. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18-லிருந்து 0. வரவேற்கிறோம். எட்டு வருஷமா கேட்டதை இப்போ செஞ்சிருக்காங்க. ஆனா பாக்கெட் அரிசிக்கு அந்த 5 அப்படியே இருக்கு.

தங்கத்துக்கு ஜிஎஸ்டி எவ்வளவு? 3 சதவீதம். பட்டை தீட்டின வைரத்துக்கு? ஒன்றரை.

அரிசிக்கு 5, தங்கத்துக்கு 3, வைரத்துக்கு 1.5. லண்டனில் இருக்கும் தமிழர் அரிசிக்கு வரி கட்டறதில்லை. பழனித் தமிழர் கட்டறார். இதைச் சொல்லுற ஃபார்வர்டு உங்களுக்கு எத்தனை முறை வந்திருக்கு?

▪️ மறுமுனையில் என்ன நடக்குது?

அடுத்து, பெரிய பணக்காரங்க பக்கம்.

அப்பா விட்டுட்டுப் போற பெரும் சொத்துக்கு வரி:

ஜப்பானில் உச்ச விகிதம் 55 சதவீதம்.
தென் கொரியாவில் 50.
இங்கிலாந்தில் 40.
அமெரிக்காவில் 40, மிகப் பெரிய சொத்துகளுக்கு மட்டும்.
இந்தியாவில் 0.

நம்ம நாட்டிலும் இருந்துச்சு. 1953-இல் எஸ்டேட் டியூட்டி வந்துச்சு. 1957-இல் டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சரா இருந்தப்போ சொத்து வரி வந்துச்சு. முதலாவதை 1985-இல் எடுத்தாங்க. இரண்டாவதை 2015 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி எடுத்தார். "வசூல் கம்மி, வேலை ஜாஸ்தி"ன்னு காரணம் சொன்னாங்க. அன்னைக்கு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதின காலம். இன்னைக்கு பான், ஆதார், டீமேட், கம்ப்யூட்டரில் பத்திரப்பதிவு எல்லாம் இருக்கு. நூறு நாள் வேலை செஞ்ச பாட்டியின் கைரேகையைத் தேடிப் பிடிக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு, ஆயிரம் கோடி சொத்து கை மாறுறது தெரியாமலா போகும்?

இன்னொன்று, கம்பெனி வரி. 2019 செப்டம்பர் 20 அன்று ஒரே அறிவிப்பில் அடிப்படை விகிதத்தை 30-லிருந்து 22-ஆகக் குறைச்சாங்க. புதுசா தொடங்குற உற்பத்தி கம்பெனிக்கு 15. இதனால வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும்னு அன்னைக்கு ஒன்றிய அரசே சொன்னது. "வரியைக் கூட்டினா முதலீடு ஓடிப்போயிடும்"னு சொல்லுறவங்களுக்கு ஒரு தகவல்: இங்கிலாந்து 2023 ஏப்ரலில் கம்பெனி வரியை 19-லிருந்து 25-ஆகக் கூட்டியது. அதைச் செஞ்சது கம்யூனிஸ்ட் ஆட்சி இல்லை, கன்சர்வேட்டிவ் ஆட்சி.

விளைவு என்ன? 2025-26 ஒன்றிய பட்ஜெட்டில், அரசுக்கு வர்ற ஒரு ரூபாயில் தனிநபர் வருமான வரி 22 காசு. கம்பெனி வரி 17 காசு. மாசச் சம்பளக்காரர்களும் சிறு தொழில் செய்றவங்களும் சேர்ந்து கட்டுறது, நாட்டின் அத்தனை கம்பெனிகளும் கட்டுறதைவிட அதிகம். ஜிஎஸ்டி போன்றவை 18 காசு, கலால் 5 காசு, சுங்கம் 4 காசு. இந்த 27 காசு நம்ம எல்லார் பையிலிருந்தும் போறது.

12 லட்சம் வரை வருமான வரி இல்லைன்னு 2025 பட்ஜெட்டில் அறிவிச்சது நடுத்தர வர்க்கத்துக்கு நிம்மதிதான். ஆனா அதே புதிய வரி முறையில், வருஷம் 5 கோடிக்கு மேல் சம்பாதிக்கிறவரின் உச்ச வரியை 2023-லேயே 42.74-லிருந்து 39 சதவீதமாக் குறைச்சிட்டாங்க. அதுக்கு ஊடகத்தில் எவ்வளவு சத்தம் வந்துச்சு?

▪️ ஐந்து சதவீதம் எல்லாருக்கும் ஐந்து சதவீதம் இல்லை

"பணக்காரனும் அதே அரிசி, அதே சோப்புதானே வாங்குறான். அவனும்தானே கட்டுறான்?" நியாயமான கேள்வி. புரியுறதுக்காக ஒரு கணக்கு.

மாசம் 15,000 சம்பாதிக்கிற குடும்பம். மிச்சமே இல்லை, அத்தனையும் செலவு. செலவில் சராசரியா 5 சதவீதம் வரின்னு வையுங்க. வரி 750 ரூபாய். வருமானத்தில் 5 சதவீதம்.

மாசம் 5 லட்சம் சம்பாதிக்கிற குடும்பம். 1 லட்சம் செலவு, 4 லட்சம் சேமிப்பு. அதே 5 சதவீதம். வரி 5,000 ரூபாய். வருமானத்தில் 1 சதவீதம்.

பில்லில் விகிதம் ஒண்ணுதான். ஆனா வருமானத்தோடு ஒப்பிட்டா ஏழை மேல் விழுறது அஞ்சு மடங்கு. இதுக்காகத்தான் உலகம் முழுக்க உணவுக்கு விலக்கு கொடுக்கிறாங்க, மேலே இருக்கிறவங்களுக்கு நேரடி வரியைக் கூட்டுறாங்க.

இந்தக் கதை நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்லை. இந்தியாவில் முதல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது நம்ம சென்னை மாகாணத்தில்தான், 1939-இல், ராஜாஜி ஆட்சியில். மதுவிலக்கால் போன கள், சாராய வருமானத்தை ஈடுகட்ட வந்த வரி அது. குடிக்கிறவர் கட்டினது போய், கடைக்குப் போற எல்லாரும் கட்டுறதா மாறுச்சு. அன்னையிலிருந்து அரசாங்கங்களுக்குச் சுலபமான வழி கடை கல்லாதான்.

▪️ டென்மார்க், சிங்கப்பூர், துபாய்: மீதிப் பாதியையும் படிங்க

வரி என்பது நம்ம ஊர் மொய் மாதிரி. மொய் எழுதுறதில் ரெண்டு தர்மம் உண்டு. வசதி இருக்கிறவர் கூட எழுதணும். எழுதின மொய் நம்ம வீட்டு விசேஷத்தில் திரும்பி வரணும். இந்த ரெண்டையும் வச்சு மத்த நாடுகளைப் பார்ப்போம்.

டென்மார்க்: உச்ச வருமான வரி பாதிக்கும் மேல். வாட் 25 சதவீதம், சாப்பாட்டுக்கும் சேர்த்து. கடுமைதான். ஆனா ஆஸ்பத்திரிச் செலவு அரசாங்கத்தோடது. பல்கலைக்கழகப் படிப்பு இலவசம். படிக்கிற பிள்ளைக்கு மாசாமாசம் அரசே உதவித்தொகை கொடுக்குது. அங்கே யாரும் அதை "ஓசி"ன்னு சொல்றதில்லை. எழுதின மொய் திரும்பி வருது.

சிங்கப்பூர்: 1994-இல் 3 சதவீதத்தில் தொடங்கின ஜிஎஸ்டி 2024-இல் 9 ஆச்சு. அரிசிக்கும் உண்டு. ஆனா வருமானம் குறைஞ்ச குடிமக்களுக்கு ஜிஎஸ்டி வவுச்சர்னு பணமாகவே திருப்பிக் கொடுக்கிறாங்க. ஏழைகள் மேல் இந்த வரி கூடுதலா விழுதுன்னு அந்த அரசே ஒத்துக்கிட்ட மாதிரி.

மலேசியா: 2015-இல் 6 சதவீத ஜிஎஸ்டி வந்துச்சு. விலைவாசி ஏறிப்போச்சுன்னு சனம் கொதிச்சது. 2018 மே தேர்தலில் ஆட்சியே மாறுச்சு. ஜூன் 1-லேயே அந்த வரியைப் பூஜ்யமாக்கினாங்க. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்துச்சு. மக்கள் நினைச்சா வரிச் சட்டம் மாறும் என்பதற்குக் கண் முன்னாடி நிக்கிற சாட்சி.

துபாய்: வருமான வரி இல்லை, உண்மை. 2018-இலிருந்து 5 சதவீத வாட் உண்டு. எண்ணெய் வளம் இருக்கும் நாடு. நம்ம பிள்ளைங்க அங்கே உழைக்கலாம், ஆனா வேலை முடிஞ்சா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வயசான காலத்தில் அவங்களைப் பார்த்துக்கிறது பழனி அரசு மருத்துவமனைதான், துபாய் ஆஸ்பத்திரி இல்லை.

இலங்கை: இது எச்சரிக்கை. 2019 டிசம்பரில் கோத்தபய அரசு வாட்டை 15-லிருந்து 8-ஆகக் குறைச்சது, இன்னும் பல வரிகளையும் வெட்டினாங்க. கஜானா காலி ஆச்சு. அதோடு கடன் சுமை, கொரோனா, டாலர் பஞ்சம் எல்லாம் சேர்ந்து 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலைன்னு அறிவிச்சாங்க. அப்புறம் வாட் 12 ஆச்சு, 15 ஆச்சு, 2024 ஜனவரியில் 18 ஆச்சு. பெட்ரோல், சமையல் கேஸுக்கு இருந்த விலக்கும் போச்சு. குறைச்சப்போ ஆதாயம் பெரிய இடத்துக்கு. கூட்டினப்போ சுமை எல்லார் அடுப்பிலும்.

அதனாலதான் "வரியே வேண்டாம்"னு நாம் சொல்லுறதில்லை. வரி வேணும். வரி இல்லாம அரசுப் பள்ளி இல்லை, அரசு மருத்துவமனை இல்லை, பஸ் இல்லை. யார் மேல போடுறோம் என்பதுதான் கேள்வி.

▪️ எழுதின மொய் திரும்பி வருதா?

2021-22 கணக்குப்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தது. வரியும் கட்டணும், ஆஸ்பத்திரி பில்லும் கட்டணும்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு அநியாயம். ஒன்றிய அரசின் பகிர்வு வரியில் 15-வது நிதிக்குழு நமக்கு ஒதுக்கின பங்கு 4.079 சதவீதம். நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 6 சதவீதம். அதுவும் பகிர்வு வரியில் மட்டும்தான். செஸ், சர்சார்ஜ்னு பெயர் மாத்திட்டா பங்கே கிடையாது. 2021-இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசு வாங்கின 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1 ரூபாய் 40 காசு.

இப்படி வசூலிச்சிட்டு, நம்ம பெண்களின் இலவச பஸ் பயணத்தையும், பிள்ளைகளின் காலை உணவையும், ரேஷன் அரிசியையும் பார்த்து "இலவசம்"னு ஏளனம் செய்யுறாங்க. 2022 ஜூலை 16 அன்று பிரதமர் உத்தரப் பிரதேசத்தில் விரைவுச் சாலையைத் திறந்து வச்சு, "ரேவ்டி கலாசாரம்"னு இலவசத் திட்டங்களைக் கண்டிச்சுப் பேசினார். ரெண்டே நாள். ஜூலை 18 அன்று பாக்கெட் அரிசிக்கு வரி வந்துச்சு. ஒரு கையால அரிசியில் வரி எடுத்தவங்க, அதை வாங்கினவங்களைப் பார்த்து ஓசின்னு சொன்னாங்க.

"ஜிஎஸ்டி கவுன்சிலில் மாநிலங்களும் இருந்தாங்களே?" இருந்தாங்க. ஆனா அங்கே ஒன்றிய அரசுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. தீர்மானம் நிறைவேற நாலில் மூணு பங்கு வேணும். எல்லா மாநிலமும் ஒண்ணு சேர்ந்தாலும் ஒன்றிய அரசு வேண்டாம்னா வேண்டாம்தான். கணக்கு நீங்களே போட்டுப் பாருங்க.

▪️ நாம் கேட்பது

1. பாக்கெட் அரிசி, பருப்பு, மாவு, தயிர், மோருக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். ஒளிஞ்சிருக்கிற வரியும் இல்லாத நிஜப் பூஜ்யம்.

2. மிகப் பெரும் சொத்துக்கும், பெரும் வாரிசுச் சொத்துக்கும் வரி. குடியிருக்கிற வீட்டையும் அஞ்சு ஏக்கர் நிலத்தையும் தொட வேண்டாம். நூறு கோடிக்கு மேல் தொடங்கினாலே போதும்.

3. 2019 கம்பெனி வரிக் குறைப்பு எத்தனை வேலை கொடுத்துச்சுன்னு நாடாளுமன்றத்தில் வெள்ளை அறிக்கை. கொடுக்கலைன்னா குறைப்பைத் திரும்ப எடுக்கணும்.

4. செஸ், சர்சார்ஜ் வசூலிலும் மாநிலங்களுக்குப் பங்கு.

இதில் எதுவும் உலகத்தில் இல்லாத அதிசயம் இல்லை. அரிசிக்குப் பூஜ்யம் லண்டனில் இருக்கு. வாரிசுச் சொத்து வரி டோக்கியோவில் இருக்கு. முதலாளித்துவ நாடுகளே செய்யுறதைத்தான் கேட்கிறோம்.

தோழர்களே, இந்த வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்க. மளிகைக் கடை, மருந்துக் கடை, லாட்ஜ், எங்கே போனாலும் பில் கேட்டு வாங்குங்க. கீழே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு ரெண்டு வரி இருக்கும். கூட்டிப் பாருங்க. வீட்டில் அம்மாகிட்ட, பாட்டிகிட்ட காட்டுங்க. "இது நீங்க கட்டின வரி"ன்னு சொல்லுங்க.

ரேஷன் கடை வரிசையில் நிக்கிற நம்ம தாய்மார்கள் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை. அவங்க இந்த நாட்டின் வரிதாரர்கள். வாங்குறது அவங்க பங்கு.

படியுங்கள். பகிருங்கள். பேசுங்கள்.

பழனி நகரக் குழு

#அரிசிக்கு_வரி_ஏன் #நாங்களும்_வரிதாரர்களே #பழனி